அடிக்கட்டை எடுக்க எந்த மெஷின் வாங்கலாம்?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கொல்லை. காய்ப்பு குறைந்துபோன தென்னை இருபத்திரண்டை மர வியாபாரி அறுத்துக்கொண்டு போய்விட்டார், அடிக்கட்டை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. வரப்போரம் பெரிய புளியங்கட்டை ஒன்று. வீட்டுச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி வேப்பங்கட்டை ஒன்று. கிழக்கு மூலையில் பத்து சென்ட்டுக்கு வேலிகாத்தான் புதர். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு அடிக்கட்டை அரைக்கும் கிரைண்டர் ஒன்றை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, இல்லை செயின் சாவும் செயின் பிளாக்கும் வாங்கி நாமே செய்துகொள்ளலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எனக்குக் கேட்டது என்னவென்றால், இதில் எந்தக் கட்டையை நம் கையால் எடுக்கலாம், எதற்கு வாடகை வண்டி கூப்பிடலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்று.

நான் டிராக்டர் மெக்கானிக்காக ஆரம்பித்தவன். பிறகு சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி பக்கமெல்லாம் இருபது வருஷத்துக்கு மேல் நிலம் சமன் செய்யும் வேலை பார்த்தேன். வண்டியை விற்றாகிவிட்டது, அதனால் யார் எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் கிடையாது. மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேரைத் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்கள் நிலத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளிப் போனாலே மண் மாறுகிற ஊர் நம்முடையது. பாலாற்றங்கரையில் கடப்பாரை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், மலையடிவாரச் சரளையில் அதே கடப்பாரை தீப்பொறி பறக்கவிடும்.

கிரைண்டர் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொத்தம் இருபத்து நாலு கட்டைக்காக வாங்கின மெஷின், இருபத்தைந்தாவது கட்டை வரும்வரை மாட்டுக் கொட்டகையில் கிடக்கும். பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாக உறைந்துவிடும். அதைவிட முக்கியம், உங்களிடம் அதிகமாக இருப்பது தென்னை. கிரைண்டர் என்பது கார்பைட் பல் வைத்த ஒரு சக்கரம். வேம்பு, புளி மாதிரி கெட்டி மரத்தை அது தூளாக்கித் தள்ளும். தென்னையில் நார்தான் அதிகம். ஈரமான நார் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். சரளைக் கல்லில் பட்டால் பல் உடையும், பல்லின் விலையைக் கேட்டால் நம் பல் கூசும். தரைக்குக் கீழே அது இறங்குவதும் அரை அடி, மிஞ்சினால் ஓர் அடி. மறுபடி உழ நினைக்கிற நிலத்தில் அது பாதி வேலை. நான் கிரைண்டரைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை, வாடகைக்கு எடுத்து இரண்டு இடத்தில் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அது எங்கே உதவும் என்று தெரியும். உங்கள் வேம்புக்கு வரும்போது சொல்கிறேன்.

கட்டையைப் பார்த்து மெஷினை முடிவு செய்யாதீர்கள், வேரை நினைத்து முடிவு செய்யுங்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியில் கிழங்கு மாதிரிப் பருத்திருக்கும் பகுதியிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் நாலு பக்கமும் ஓடும். ஒவ்வொன்றும் தனியாக ஒன்றுமில்லை, எல்லாம் சேர்ந்து பிடித்தால்தான் பிடி. ஜேசிபி பக்கெட்டின் பல்லை கட்டையிலிருந்து மூன்றடி தள்ளி இறக்கி மூன்று பக்கம் வெட்டிவிட்டு, நாலாவது பக்கத்திலிருந்து அடியில் கொடுத்துத் தூக்கினால் மொத்தக் கிழங்கும் மண்ணோடு பெயர்ந்து வரும். கைவந்த ஓட்டுநர் என்றால் ஒரு கட்டைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். இருபத்திரண்டுக்கும் ஐந்து ஆறு மணி நேரம். எங்கள் பக்கம் இப்போது மணிக்கு 1,300 முதல் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். ஆறு மணிக்கு 9,000 என்று வையுங்கள், கட்டைக்கு நானூறு ரூபாய்ச் சொச்சம். ஆள் வைத்துத் தோண்டினால் இரண்டு பேருக்கு ஒரு கட்டை அரை நாளைத் தின்றுவிடும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மரத்தை அறுப்பதற்கு முன்பே கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நிற்கிற தென்னையை, மின்கம்பியும் வீடும் பக்கத்தில் இல்லாத இடமென்றால், ஒரு பக்கம் வேரை வெட்டிவிட்டு ஜேசிபியால் தள்ளினால் அதன் உயரமே நெம்புகோல், சாயும்போது கிழங்கைத் தானே பெயர்த்துக்கொண்டு வரும். மற்ற மரங்களுக்கும் இதேதான். இழுத்து எடுக்கப்போகிற கட்டையை நாலடி உயரம் விட்டு அறுக்கச் சொல்ல வேண்டும். வியாபாரி சம்மதிக்க மாட்டார், அந்த நாலடியும் அவருக்குக் காசு. தரையோடு தரையாக அறுத்துவிட்டுப் போவார், கயிறு கட்ட இடமில்லாமல் நாம் நிற்போம். அடுத்த முறை விலை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

தென்னங்கட்டையை அப்படியே விட்டால் தானாக மக்கிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மக்கும், கரையானே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் மக்குகிற தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிற இடம். பக்கத்துக் கொல்லைக்காரருக்குத் தென்னை இருந்தால் நீங்கள் வளர்க்கிற வண்டு அவருடைய குருத்தைத் துளைக்கும். அதோடு ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கட்டையின் அடிப்பக்கத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்த தடமோ, தட்டு மாதிரிக் கெட்டியான காளானோ இருக்கிறதா? இருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் கவனித்ததால் அந்தப் பெயர். கானோடெர்மா என்கிற பூஞ்சை அது, மண்ணிலும் வேரிலும் தங்கி அடுத்த மரத்துக்குப் போகும். அப்படிப்பட்ட கட்டையை வேர் விடாமல் எடுத்து அங்கேயே எரிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு கொல்லை முழுக்கச் சுற்றக் கூடாது. அதே குழியில் மறுபடி தென்னை வைக்கவும் வேண்டாம். நல்ல கட்டைகளை ஒரு மூலையில் குவித்து மக்கவிடுவதாக இருந்தால் மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சாணத்தை வாங்கிக் கரைத்துத் தெளியுங்கள். வண்டின் புழுவை அது கொல்லும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி வாடகை வண்டி. ஜேசிபி வருகிற அன்று காலையில்தான் பைப் எங்கே போகிறது என்று யோசிக்கிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணி மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், பெரியவர் ஒருவர் கையை நீட்டி “இப்படிப் போகுது, இல்ல அப்படிப் போகுது” என்பார். ஒரு நாள் நானே என் மாமனார் கொல்லையில் போர் மோட்டாருக்குப் போன கேபிளைப் பல்லில் மாட்டி இழுத்துவிட்டேன். பைப்புக்கு மேல் குச்சி நட்டுத்தான் வைத்திருந்தோம், கேபிள் தனியாக வேறு வழியில் போனது யாருக்கும் ஞாபகமில்லை. அன்று இரவு அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள், யாரும் பேசவில்லை. அதனால் முதல் நாளே பைப், கேபிள், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கட்டைகளுக்கு நம்பர் எழுதுங்கள். எடுத்த கட்டையை எங்கே போடுவது என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒரே கட்டையை இரண்டு முறை தூக்குவது இரண்டு மடங்கு காசு. வண்டி வந்ததும் மீட்டரை ஒரு போட்டோ, கிளம்பும்போது ஒரு போட்டோ. வந்துபோகிற கூலி தனியா, குறைந்தபட்சம் எத்தனை மணி என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டின வண்டியை “கட்டையையும் உடைச்சிடும்” என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். உடைக்காது. உளி மரத்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், அதை வெளியே எடுப்பது தனி வேலை. பல் வைத்த பக்கெட், முடிந்தால் அகலம் குறைந்தது, அதைத்தான் கேட்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையும் புல்டோசர், ஜேசிபி எல்லாம் மணிக் கணக்கில் விவசாயிகளுக்கு வாடகைக்குத் தருகிறது. இ-வாடகை என்கிற ஏற்பாட்டில் பதிவு செய்யலாம், வெளி வாடகையை விடக் குறைவு. ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டிவரும், அவசரமில்லாதவர்களுக்கு அது சரி.

புளியங்கட்டை கதை வேறு. புளிக்கு ஆழமான ஆணிவேர், அதற்கு மேல் தொடை பருமனில் பக்கவேர்கள் வரப்புக்கு அடியில் அடுத்தவர் நிலம்வரை போயிருக்கும். மூன்றடி விட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவுக் கட்டையை ஜேசிபியில் எடுக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனதுண்டு, ஒரு முறை அரை நாள் ஆனதும் உண்டு. எடுத்த பிறகு ஒரு மாட்டுவண்டி இறங்குகிற மாதிரிக் குழி இருக்கும், வரப்பு இருக்காது. முதலில் யோசிக்க வேண்டியது, அதை எதற்காக எடுக்கிறோம் என்று. உழவுக்கு இடைஞ்சல் இல்லாத வரப்போரக் கட்டை என்றால் நான் தொடவே மாட்டேன். துளிர்க்கும்தான், புளி நன்றாகவே துளிர்க்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே வந்தால் வேரில் இருக்கிற சத்து தீர்ந்து, பல வருஷம் பிடித்தாலும் அடங்கிவிடும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மண்ணை வெட்டுவதற்கு முன் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரப்பில் கை வைத்துவிட்டு அப்புறம் சமாதானம் சொல்வதைவிட அது எளிது. பங்காளி என்றால் இரண்டு வார்த்தை.

புளியங்கட்டையை விறகு விலைக்கும் கொடுத்துவிடாதீர்கள். கறிக்கடைகளில் வெட்டுக்கட்டையாக இருப்பது பெரும்பாலும் புளிதான். கத்தி பட்டால் சிம்பு சிம்பாகப் பிரியாது, வாசனை ஏறாது. ஓட்டையும் வெடிப்பும் இல்லாத மூன்றடி விட்டக் கட்டையைக் குறுக்கே ஓர் அடி ஒன்றேகால் அடி கனத்துக்கு அறுத்தால் அது நல்ல சரக்கு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கறிக்கடைக்கா பஞ்சம், இரண்டு கடையில் விசாரித்துவிட்டு அப்புறம் அறுங்கள். தரைக்கு மேலே இருக்கிற பகுதியை மட்டும் இப்படி அறுத்து எடுத்துவிட்டு, கீழே இருப்பதை மண் மூடி விட்டுவிட்டவர்களும் உண்டு. அது கெட்ட யோசனை இல்லை.

செயின் சா வாங்கலாம், அது கொல்லை வைத்திருப்பவருக்கு எப்போதும் உதவும். ஆனால் கட்டை எடுக்கிற வேலைக்கு அதைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். மண் பட்ட வேரில் செயினை வைத்தால் ஒரு நிமிஷத்தில் மொட்டை. நான் செய்வது இப்படி: மண்வெட்டியால் வேரைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்ணீர் அடித்து, இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, வேர் வெள்ளையாகத் தெரிந்த பிறகே செயின் சா. அப்படியும் கடைசி ஓர் அங்குலத்தைக் கோடாலியிடம் விட்டுவிடுவேன், ஏனென்றால் அடியில் இருப்பது மண். செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடுதான் பார், அதன் நுனி எதிலும் முட்டக் கூடாது. குழிக்குள் குனிந்து அறுக்கும்போது நுனி பின்னால் இருக்கிற வேரில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எழும்பும். பெட்ரோலில் எவ்வளவு டூடி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு கலக்கிற எண்ணெய்) என்பதை மெஷினோடு வருகிற புத்தகத்தில் பாருங்கள். இப்போது வருகிற பெரும்பாலானவற்றுக்கு லிட்டருக்கு இருபது மில்லி. கண்ணாடி, கெட்டி ஷூ இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். வேர் வேலைக்கு இதைவிட அதிகமாக உழைக்கப்போவது பிக்காசும் நல்ல எடையுள்ள கடப்பாரையும். ஆயிரம் இரண்டாயிரத்தில் இரண்டும் வாங்கிவிடலாம்.

செயின் பிளாக் மேலே தொங்கவிட்டுச் சுமை தூக்குவதற்கு. அதைத் தரையில் படுக்கவைத்து இழுத்தால் கைச்சங்கிலி சக்கரத்தை விட்டு வெளியே வந்து சிக்கும். கட்டை இழுக்க ஏற்றது கம்பிக்கயிற்றை உள்ளே விட்டு நெம்புகோலால் முன்னும் பின்னும் ஆட்டி இழுக்கிற கை வின்ச். சிலர் டிர்ஃபோர் என்பார்கள், கடைகளில் மேக்ஸ்புல் என்றும் சொல்வார்கள். 1.6 டன், 3.2 டன் அளவுகளில் கிடைக்கும். வேலூரில் கட்டட சாமான் வாடகைக்கு விடுகிற கடைகளில் விசாரியுங்கள், வாங்க வேண்டாம். கட்டையில் ஒரு ஒற்றைக் கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து நங்கூரத்தில், அதாவது வின்ச்சைக் கட்டியிருக்கிற அசையாத பிடியில், கட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். இதில் பலரும் மறப்பது என்னவென்றால், அந்தக் கப்பியும் அதைக் கட்டையோடு கட்டுகிற பட்டையும் இரண்டு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும். வின்ச்சின் நெம்புகோலில் சின்னதாகப் பித்தளை மாதிரி ஒரு பின் இருக்கும். சுமை மிஞ்சினால் அது முறியும், முறிவதற்காகவே வைத்தது. ஒரு வாடகைக் கடையிலிருந்து வந்த வின்ச்சில் அந்த இடத்தில் ஆணியை வளைத்து மாட்டியிருந்தார்கள். எனக்கு விவரம் தெரிந்ததால் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் வாடகைக்கு எடுக்கும்போது அந்த இடத்தைப் பாருங்கள். நங்கூரமாக மின்கம்பத்தையோ கிணற்றுச் சுற்றுச்சுவரையோ பயன்படுத்தாதீர்கள். உயிருள்ள கெட்டியான மரம் என்றால் தரையை ஒட்டி, சாக்கு சுற்றிக் கட்டலாம்.

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் முதலில் யாருக்கும் தோன்றுவது அதுதான். என் இருபத்தாறு வயதில், டிராக்டரின் பின்னால் அச்சுக்கு மேலே டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கிற தண்டு) மாட்டுகிற இடத்தில் சங்கிலியை மாட்டி ஒரு வேலிகாத்தான் தூரை இழுத்தேன். தூர் அசையவில்லை, முன்சக்கரம் எழும்பியது. என் கண்ணுக்கு நேராக வானம் தெரிந்தது. கிளட்சை மிதித்தது நானா, என் காலா என்று இன்றைக்கும் தெரியாது. டிராக்டர் பின்பக்கம் கவிழ ஒன்றரை நொடிகூட ஆகாது, யோசித்து மிதிக்க நேரமே கிடைக்காது. இழுத்தே ஆக வேண்டும் என்றால் கொக்கி பின் அச்சுக்குக் கீழே இருக்கிற டிராபாரில்தான். இருப்பதிலேயே குறைந்த கியரில் மெதுவாக, சங்கிலி தொய்வில்லாமல், வெட்டி வெட்டி இழுக்காமல். கம்பிக்கயிறோ சங்கிலியோ, நடுவில் ஈர மணல் நிரப்பின சாக்கைப் போடுங்கள். அறுந்தால் பறக்காமல் கீழே விழ அது உதவும். கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒரு குழந்தையும் நிற்கக் கூடாது. கட்டை எடுப்பதை வேடிக்கை பார்க்கத் தெருவே வரும், உங்களுக்கே தெரியும்.

வேம்புக்கு வருவோம். சுவரிலிருந்து எட்டடி என்றால் அதன் வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஜேசிபியை விட்டால் வேரோடு சேர்த்து அடியில் இருக்கிற மண்ணும் அசையும். பழைய கருங்கல் அஸ்திவாரம் என்றால் இன்னும் மோசம். கிரைண்டருக்கு வேலை இருக்கிற இடம் இதுதான். வாடகைக்கு ஆளோடு கிடைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அரை அடி, ஓர் அடி ஆழத்துக்கு அரைத்துவிட்டுப் போவார்கள். மீதி வேர் மண்ணுக்குள் மெதுவாக மக்கட்டும். கிடைக்கவில்லை என்றால் சுற்றித் தோண்டி, தரைக்கு ஓர் அடி கீழே செயின் சாவால் அறுத்து மூடிவிடுங்கள். வேம்பு வேரிலிருந்தே கன்று விடும், சில வருஷம் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டில் மரச் சட்டங்கள் இருந்தால் கரையான் எந்தப் பக்கம் போகிறது என்று அவ்வப்போது ஒரு கண் வையுங்கள். சுவரில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள், கட்டட இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அப்புறம் மண்ணைத் தொடுங்கள்.

வேலிகாத்தானுக்கு ஒரே விதி. அதன் உயிர் தரைக்குச் சற்றுக் கீழே இருக்கிற கொண்டையில் இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அந்தக் கொண்டையிலிருந்து நாலு மடங்காகக் கிளம்பும். ஓர் அடி ஆழத்தில் வேரைத் துண்டித்து அந்தக் கொண்டையை வெளியே எடுத்துவிட்டால் போதும், ஆழத்தில் போகிற வேரைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். மணிக்கட்டுப் பருமன் வரை பிக்காசு, அதற்கு மேல் ஜேசிபி. தென்னைக்கு வண்டி வருகிற அன்றே இதையும் முடித்துவிடலாம், பத்து சென்ட்டுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்கிறேன். கரி போடுகிறவர்கள் தூரையும் எடுத்துக்கொள்வார்கள். ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து அடுத்த மழையில் முளைக்கும். அப்போது கையால் பிடுங்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மருந்து, உப்பு, பெருங்காயம் பற்றியும் சிலர் உங்களுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்று என் பாட்டியும் சொல்வார். நான் இரண்டு கட்டையில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் துளிர்த்தன. இரண்டு கட்டையை வைத்து ஊர் நம்பிக்கையைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெருங்காயம் விற்கிற விலையில் எனக்கு அதற்கு மேல் சோதிக்க மனம் வரவில்லை. மயில்துத்தம் கட்டையை மக்கச் செய்யும் என்பதை நான் நம்பவில்லை. பூஞ்சையைக் கொல்லத் தெளிக்கிற பொருள் அது, கட்டையை மக்கவைப்பதே பூஞ்சைதான். உப்பு கொட்டினால் கட்டைக்கு என்ன ஆகுமோ, மண் கெடும், அது நிச்சயம். களைக்கொல்லி கிளைபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்கிறவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் கட்டுப்படுத்தியது. தீ வைப்பது வேலை செய்யும், ஆனால் காய்ந்த வேர் மண்ணுக்குள்ளேயே நாள்கணக்கில் கனிந்து வேறொரு இடத்தில் புகையும். வைக்கோல் போர், கரும்பு, சொட்டுநீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம்.

புதருக்குள் சந்தனக் கன்றோ பழைய சந்தனத் தூரோ கண்ணில் பட்டால் நிறுத்திவிடுங்கள். ஜவ்வாது மலையைச் சுற்றி இருக்கிற நம் பக்கத்தில் பறவை போட்ட விதையில் அது முளைப்பது சாதாரணம். பட்டா நிலமாகவே இருந்தாலும் சந்தனத்தை வெட்டவும் தோண்டவும் வனத்துறை அனுமதி வேண்டும், வேருக்குத்தான் விலையே அதிகம். செம்மரத்துக்கும் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். வரப்பில் பனை இருந்தால், அதை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சட்ட விஷயத்தில் நான் மெக்கானிக், அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எப்போது செய்வது? சித்திரை வைகாசியில் நம் செம்மண் செங்கல் மாதிரி இருக்கும், ஒவ்வொரு வேரும் சிமெண்டில் பதித்தது போல நிற்கும். ஐப்பசி அடைமழையில் வண்டி சக்கரம் புதையும், வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வரும். நமக்கு ஆடி ஆவணியிலும் ஓரளவு மழை கிடைக்கிறது. ஒரு நல்ல மழை பெய்து நாலைந்து நாள் வெயில் காய்ந்த பதம்தான் சரியானது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மழை வரவில்லை என்றால் கட்டையைச் சுற்றிப் பாத்தி கட்டி மூன்று நாள் மாலையில் தண்ணீர் விடுங்கள். பழைய தூரின் பொந்தில் பாம்பு, தேள் இருக்கும். தண்ணீர் விடுவதால் அவை முன்பே கிளம்பிவிடவும் வாய்ப்பு உண்டு. எப்படியும் வெறுங்கையைப் பொந்துக்குள் விடாதீர்கள், வேலூரில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்ற தைரியத்தில் செய்கிற வேலை இல்லை இது.

குழியை மூடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். தோண்டும்போதே மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை ஒரு பக்கமும் போடச் சொல்லுங்கள், ஓட்டுநர் முனகுவார், பரவாயில்லை. மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் மேலே. தரைக்கு ஓர் அடி மேடாகவே விடுங்கள், ஒரு மழைக்காலத்தில் அது அமுங்கிச் சமமாகும். அதுவரை அதன் மேல் டிராக்டர் ஏற்ற வேண்டாம். அந்த இடத்தில் மாட்டுக் கொட்டகைக்குக்கூடக் கால் நட வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிக்காசு, கடப்பாரை, ஒரு செயின் சா வாங்கி, மழை முடிந்த வாரத்தில் ஒரு நாள் ஜேசிபியைக் கூப்பிட்டுத் தென்னையையும் வேலிகாத்தானையும் முடித்து, வேம்புக்குக் கிரைண்டர் ஆளைத் தேடி, புளியை வரப்பிலேயே விட்டிருப்பேன். தென்னங்கட்டையின் அடியில் அந்தச் சாறு வடிந்த தடம் இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால் அந்தக் கட்டைகளை முதலில் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை எடுத்து முடித்த பிறகு கடைசியாகத் தோண்டச் சொல்லுங்கள். அந்த மண் ஒட்டிய பக்கெட் நல்ல இடத்துக்குப் போகக் கூடாது.